விருந்தாளிகள் வந்துபோன தீவு

2020 ஜனவரியில் ஒரு வேலை விளம்பரம் இணையத்தில் உலகம் முழுக்கச் சுற்றியது. அயர்லாந்தின் தென்மேற்கு ஓரத்தில், கெர்ரி கடற்கரைக்கு அப்பால் கிரேட் பிளாஸ்கெட் என்று ஒரு தீவு. அங்கே ஒரு சின்னக் காப்பிக் கடையையும் வாடகைக்கு விடும் சில வீடுகளையும் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் தேவை. மின்சாரம் கிடையாது. ஏப்ரலில் போனால் அக்டோபரில் திரும்பலாம். இவ்வளவுதான் விளம்பரம். பல்லாயிரம் பேர் விண்ணப்பித்தார்கள். நண்பர்கள் குழுவில் ஒருத்தர் அதைப் பகிர்ந்து, “போயிடலாமா? ஒரு நாவலை முடிச்சிட்டு வந்துடலாம்” என்று எழுதியிருந்தார். ஆறேழு பேர் இதயக்குறி போட்டார்கள். நானும் போட்டேன்.

தீவு என்றதும் ஏன் நாவல் ஞாபகம் வருகிறது? இன்றைக்கு எழுத்தாளர், ஓவியர் ரெசிடென்ஸிகளின் பட்டியலை எடுத்துப் பார்த்தால் தீவுகள் நிறையவே இருக்கும். பிளாஸ்கெட்டுக்கு வடக்கே, ஆரன் தீவுகளிலேயே சின்னதான இனிஷீரில்கூட ஒரு கலை மையம் இருக்கிறது. கலைஞர்கள் தங்கி வேலை செய்ய இடம் தருகிறது. ஒருமுறை இப்படியொரு விண்ணப்பத்தை நானும் நிரப்பப் பார்த்தேன் (தீவு இல்லை, மலைக் கிராமம்). “உங்கள் வருகையால் உள்ளூர்ச் சமூகம் எவ்வாறு பயன்பெறும்?” என்று கேட்டிருந்தது. 200 சொற்களுக்குள் பதில் எழுத வேண்டும். “ஒரு பயிலரங்கு நடத்துவேன்” என்று ஆரம்பித்து, அதற்கு மேல் எழுத வெட்கமாகிப் பாதியில் விட்டுவிட்டேன். அந்த ஊர்க்காரர்களுக்கு நான் எதற்கு?

அந்தக் கேள்விக்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. அதுவும் அதே பிளாஸ்கெட் தீவில்தான். ரெசிடென்ஸி என்ற ஏற்பாடெல்லாம் வருவதற்கு முன்னால், 1905 தொடங்கி ஏறத்தாழ முப்பது வருஷம் அங்கே எழுத்தாளர்களும் மொழி அறிஞர்களும் போய்த் தங்கினார்கள். வந்தவர்கள் எழுதினார்கள், அதில் ஆச்சரியமில்லை. இருக்க இடம் கொடுத்தவர்களும் எழுத ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் எழுதியதைவிட நன்றாகவே எழுதினார்கள். அதன் பிறகு தீவு காலியானது.

தீவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எதிர்க்கரையில் இருக்கும் டன்க்வீன் என்ற ஊரிலிருந்து கடலைத் தாண்டிப் போக வேண்டும். அகலம் குறைந்து, நீளமாக, முதுகெலும்பு போல ஒரு மலை. காற்றுக்கு ஒதுங்கிய கிழக்கு முனையில் மட்டும் வீடுகள். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1916இல் 176 பேர் இருந்தார்கள், அதுதான் உச்சம். தேவாலயம் இல்லை, மருத்துவர் இல்லை, கடை இல்லை, சாராயக் கடையும் இல்லை. பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. மரச்சட்டத்தின் மேல் துணியை இழுத்துக் கட்டித் தார் பூசிய ‘நேவோக்’ என்ற லேசான படகுதான் எல்லாவற்றுக்கும். உருளைக்கிழங்கு, மீன், முயல், சில சமயம் சீல் இறைச்சி. அடுப்புக்குச் சதுப்பு நிலத்திலிருந்து வெட்டிக் காயவைத்த கரி மண். ஊருக்கு ஒரு ‘ராஜா’ உண்டு. ராஜா என்றால் கிரீடம் எல்லாம் இல்லை. தபால் பையைப் படகில் கொண்டுவருபவர் அவர். வெளியூர்க்காரர்கள் வந்தால் பெரும்பாலும் அவர் வீட்டில்தான் தங்குவார்கள்.

வெளியூர்க்காரர்கள் ஏன் வந்தார்கள்? மொழிக்காக. 1840களின் பெரும் பஞ்சம் ஐரிஷ் மொழி பேசிய ஏழைகளைத்தான் அதிகம் கொன்றது, கப்பலேற்றியதும் அவர்களைத்தான். மிஞ்சியவர்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலம்தான் சோறு போடும் என்று முடிவு செய்தார்கள். நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1893இல் டப்ளினில் கெய்லிக் லீக் தொடங்கியபோது படித்தவர்களுக்குத் திடீரென்று தாய்மொழிப் பாசம் பொங்கியது. ஆனால் மொழி நகரத்தில் இல்லை. மேற்குக் கடற்கரையின் ஏழைக் கிராமங்களில் இருந்தது. கோடை விடுமுறைக்கு மூட்டை கட்டிக்கொண்டு அங்கே போனார்கள். போனவர்களில் பலருக்குத் தெரிந்த ஒரே ஐரிஷ் வாக்கியம் “நல்ல நாள்” என்பதுதான். மழை கொட்டும்போதும் அதையே சொல்வார்கள் போல. உள்ளூர்க்காரர்கள் அவர்களுக்கு ‘நல்ல நாள்கள்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இந்தக் கிண்டல் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஜான் மில்லிங்டன் சிஞ் ‘நல்ல நாள்’ ரகம் இல்லை. மொழி நன்றாகத் தெரிந்தவர். ஆரன் தீவுகளுக்குப் போகச் சொல்லி அவரைத் தூண்டியவர் கவிஞர் யேட்ஸ். 1898 முதல் சில வருஷங்கள் சிஞ் அங்கே போய் வந்தார்; 1905இல் பிளாஸ்கெட்டுக்கும் வந்து ராஜா வீட்டில் தங்கினார். அந்த அனுபவங்களிலிருந்துதான் அவருடைய நாடகங்களின் பேச்சு வந்தது. தன் நாடகம் ஒன்றின் முன்னுரையில் அவரே ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறார். விக்லோ பக்கம் ஒரு பழைய வீட்டில் தங்கியிருந்தபோது, தரைப் பலகையில் இருந்த ஒரு விரிசல் வழியாகக் கீழே சமையலறையில் வேலைக்காரப் பெண்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாராம். எந்தப் படிப்பையும்விட அது தனக்கு உதவியது என்கிறார். நேர்மையான வாக்குமூலம்தான். ஆனால் அந்தக் காட்சியை யோசித்துப் பாருங்கள். எழுத்தாளர் மேலே. பேசுகிறவர்கள் கீழே. அவர்களுக்கு இவர் கேட்பது தெரியாது.

பிளாஸ்கெட்டில் இந்த ஏற்பாடு மாறியது 1907இல். கார்ல் மார்ஸ்ட்ராண்டர் என்ற நார்வே இளைஞர் வந்தார். பழைய ஐரிஷ் மொழியை ஆராய்கிறவர். நல்ல விளையாட்டு வீரர், கோலூன்றித் தாண்டுகிறவர். படகின் துடுப்பை ஊன்றி ஒரு வீட்டையே தாண்டினார் என்றுகூடத் தீவில் கதை உண்டு. தீவுக்காரர்கள் அவரை ‘வைகிங்’ என்றே கூப்பிட்டார்கள். ஆராய்ச்சியாளருக்குரிய மிடுக்கோடு இருக்காமல், “எனக்கு ஒரு வாத்தியார் வேண்டும்” என்றார். தோமாஸ் ஓ க்ரிஹன் என்ற மீனவரைக் காட்டினார்கள்.

தோமாஸுக்கு அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தது. கல் வேலை தெரியும், படகு வேலை தெரியும், பாட்டுத் தெரியும். தீவுப் பள்ளிக்கூடத்தில் அவருக்குக் கற்றுக்கொடுத்தது ஆங்கிலம் மட்டும்தான். தாய்மொழியில் ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாமல்தான் பாதி வாழ்க்கை போனது. நாற்பது வயதுக்கு மேல், கடல் கொந்தளித்துத் தீவுக்குத் திரும்ப முடியாமல் எதிர்க்கரையில் தங்க நேர்ந்த நாள்களில், அந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஐரிஷ் புத்தகங்களைப் பார்த்தார். அவர்களிடமே எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டார். பேசுவது கரை புரளும், ஒரு பக்கம் படிக்கச் சொன்னால் திணறல்: வெளிநாடுகளில் வளரும் நம்ம பிள்ளைகள் பலருக்கு இந்த நிலைமை புரியும். அவர்களுக்கும் தோமாஸுக்கும் ஒரே வித்தியாசம், தோமாஸைச் சுற்றி வேறு மொழியே இல்லை.

பகலில் மீன், கரி மண், உருளைக்கிழங்கு. வேலை முடிந்து வந்ததும் நார்வேக்காரருக்குப் பாடம். இது விரிசல் வழியாகக் கேட்பது இல்லை. மேசையின் ஒரு பக்கம் பல்கலைக்கழகத்தில் படித்தவர், எதிரே ஒரு மீனவர். “இந்தச் சொல்லை இப்படிச் சொல்லக் கூடாது” என்று திருத்துகிறவர் மீனவர். தன் வாயில் சும்மா வந்துபோகும் பேச்சுக்காக ஒருத்தர் நார்வேயிலிருந்து வந்திருக்கிறார் என்பது ஒரு மனிதனை என்ன செய்யும்? கர்வம் கொடுக்கும் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அதைவிட முக்கியமாக, தன் பேச்சைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க வைக்கும் என்று நினைக்கிறேன். எழுத்தாளன் ஆவதற்கு அதுதானே முதல் படி.

இந்த இடத்தில் ஒரு மரணத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தீவு ரெசிடென்ஸிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைக் கடந்துபோய்விடுகிறார்கள். எனக்கோ இந்தக் கதையின் நடுவில் இருப்பது இதுதான் என்று தோன்றுகிறது. 1909 ஆகஸ்டில், எவ்லின் நிகல்ஸ் என்ற இளம்பெண் தீவில் தங்கியிருந்தாள். டப்ளினில் படித்தவள், கெய்லிக் லீகில் தீவிரமாக வேலை செய்தவள். அவளோடு கடலில் இறங்கிக் குளித்துக்கொண்டிருந்தவள் தோமாஸின் மகள். அலை இழுத்தது. அதைப் பார்த்த தோமாஸின் மகன் டோனல், போட்ட துணியோடு தண்ணீரில் பாய்ந்தான். தோமாஸின் மகளைக் காப்பாற்றிவிட்டார்கள். எவ்லினும் டோனலும் பிழைக்கவில்லை.

மொழி கற்க வந்த விருந்தாளிக்காக அந்த வீடு ஒரு மகனைக் கொடுத்திருக்கிறது. தோமாஸ் அதற்கு முன்பே பிள்ளைகளை இழந்தவர். ஒரு பையன் மலைமுகட்டிலிருந்து விழுந்து செத்தான், சிலரை நோய் கொண்டுபோனது. ‘இனி எந்த வெளியூர்க்காரனும் என் வாசல்படி ஏற வேண்டாம்’ என்று அவர் சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அடுத்த வருஷமே, 1910இல், ராபின் ஃப்ளவர் வந்தார். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஐரிஷ் சுவடிகளைப் பட்டியலிடும் வேலையில் இருந்தவர். மார்ஸ்ட்ராண்டரின் மாணவர், குருதான் தீவுக்கு வழி சொல்லி அனுப்பியிருந்தார். தோமாஸ் மேசையில் உட்கார்ந்து மறுபடி பாடம் சொல்லிக்கொடுத்தார்.

இதை நான் எப்படி எடுத்துக்கொள்வது என்று வெகுநாள் குழம்பியிருக்கிறேன். பெருந்தன்மை என்று சொன்னால் பாதிதான் சரி. தங்கும் காசு, பாடத்துக்குக் கிடைக்கும் சில்லறை எல்லாம் தீவில் சின்ன விஷயம் இல்லை. ஆனால் அது மட்டும் காரணம் என்றால் அவர் அடுத்து செய்ததற்கு விளக்கம் கிடைக்காது. ஃப்ளவர் இருபது வருஷத்துக்கும் மேலாகத் தீவுக்கு வந்துகொண்டே இருந்தார். ‘சின்னப் பூ’ என்று பொருள்படும் ‘ப்ளாஹீன்’ என்ற செல்லப் பெயரை ஊர் அவருக்கு வைத்தது. அவர் பெயரின் மொழிபெயர்ப்புதான் அது. தோமாஸ் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்ட கதைகள் இருவரும் இறந்த பிறகு 1956இல் புத்தகமானது.

ஆனால் பேனாவைத் தோமாஸின் கையில் கொடுத்தவர் ஃப்ளவர் இல்லை. 1917இல் வந்த பிரையன் கெல்லி. கில்லார்னியைச் சேர்ந்தவர். பெரிய அறிஞர் என்று பெயர் எடுத்தவர் இல்லை, சொந்தமாகப் பேர்சொல்லும்படி எதுவும் எழுதவும் இல்லை. தோமாஸோடு உட்கார்ந்து படித்தார். மாக்சிம் கார்க்கி எழுதிய தன்வரலாற்றைப் படித்துக்காட்டினார். பிரெஞ்சு எழுத்தாளர் பியர் லோத்தியின், ஐஸ்லாந்துப் பக்கம் மீன்பிடிக்கப் போகிறவர்களைப் பற்றிய நாவலைப் படித்துக்காட்டினார். “நீயும் எழுது” என்று வாயால் சொல்வதைவிட இது பெரிய காரியம். உன் மாதிரி ஆள்களும் புத்தகத்தில் இருக்கிறார்கள், அவர்களில் ஒருத்தன் தானே எழுதியிருக்கிறான் என்று காட்டிவிட்டார். கெல்லி திரும்பிப்போன பிறகு காகிதம் அனுப்பினார், தோமாஸ் நாள்குறிப்பு எழுதி அனுப்பினார். ஊர்ப் பேச்சு, படகு வந்தது, யார் யாரைக் கிண்டல் செய்தார்கள், மழை. பிறகு கெல்லி, முழு வாழ்க்கையையும் எழுதச் சொன்னார்.

நாள்குறிப்பு 1928இலும் தன்வரலாறு 1929இலும் வந்தன. இரண்டாவதின் தலைப்புக்குத் ‘தீவுக்காரன்’ என்று அர்த்தம். ஐரிஷ் மொழியின் நவீன உரைநடையில் அதற்குத் தனி இடம். அலங்காரமே இல்லாத நடை. மகன் மூழ்கியதையும் ஒரு பெரிய மீனைப் பிடித்ததையும் ஏறக்குறைய ஒரே குரலில் சொல்கிறவர். கெல்லியோ அதற்குள் அயர்லாந்தை விட்டுப் போயிருந்தார். 1936இல் யூகோஸ்லாவியாவில் ஸ்ப்ளிட் என்ற துறைமுக நகரத்தில் செத்துப்போனார். எனக்குத் தெரிந்து ரெசிடென்ஸி போன எழுத்தாளர்களில் மிகச் சிறந்த காரியம் செய்தவர், சொந்தமாக எதுவும் எழுதாத இவர்தான்.

எல்லாம் சுபம் என்று இல்லை. பதிப்பாசிரியர் கை வைத்தார். பச்சையாக இருந்த இடங்களை வெட்டினார்; வாசகருக்குப் புரியாது என்று வீடு வாசலை வர்ணிக்கும் பகுதியைக் கேட்டு எழுதி வாங்கினார். வெட்டியதெல்லாம் திரும்ப வந்து சேர 2002ஆம் வருஷப் பதிப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெக் சேயர்ஸின் கதை இன்னும் மோசம். தீவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர், அபாரமான கதைசொல்லி. எழுதத் தெரியாது, மகன் எழுதிக்கொள்ள அவர் சொன்ன வாழ்க்கை 1936இல் புத்தகமானது. அது பள்ளிக்கூடப் பாடமானது. பாவாடை, போர்வை, கணப்படுப்பு, கண்ணீர், ஆண்டவன் சித்தம். பல தலைமுறை அயர்லாந்து மாணவர்கள் அந்தக் கிழவியை வெறுத்தே வளர்ந்தார்கள். நேரில் அவர் வாய்த்துடுக்கும் சிரிப்பும் நிறைந்த பெண்மணி என்று அவரிடம் கதை கேட்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நல்ல எழுத்தைக் கொல்ல வேண்டுமென்றால் பாடத்திட்டத்தில் சேர்த்தால் போதும், எந்த நாட்டிலும்.

1923இல் இன்னொரு விருந்தாளி வந்தார். இந்தக் கதை தமிழைத் தொடுவது இவர் வழியாகத்தான். ஜார்ஜ் தாம்சன், லண்டன்காரர், கேம்பிரிட்ஜில் கிரேக்கம் படித்துக்கொண்டிருந்த இருபது வயதுப் பையன். தீவில் அவருக்குச் சிநேகிதமானவன் மாரிஸ் ஓ’சல்லிவன். இவரைவிட ஒரு வயது சின்னவன். அந்தக் காலத்தில் பிளாஸ்கெட் இளைஞர்களுக்கு ஒரே பாதைதான்: அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்ப்ரிங்ஃபீல்ட் நகரம். பாதித் தீவு அங்கேதான் இருந்தது. தாம்சன் பேசிப் பேசி மாரிஸைப் போகவிடாமல் செய்தார். மாரிஸ் அயர்லாந்துப் போலீஸில் சேர்ந்தான். டியூட்டி நேரம் போகத் தன் இளமைக் காலத்தை எழுதினான். தாம்சன் அதைச் சீர்படுத்தி உதவினார். 1933இல் ஐரிஷிலும் அதே வருஷம் ஆங்கிலத்திலும் வந்தது. ஆங்கிலப் பதிப்புக்கு நாவலாசிரியர் இ.எம். ஃபார்ஸ்டர் முன்னுரை எழுதினார். புதிய கற்கால நாகரிகம் ஒன்றை உள்ளேயிருந்து காட்டும் புத்தகம் என்ற பொருளில் பாராட்டினார். பாராட்டுதான். ஆனால் கற்காலமா? ஸ்ப்ரிங்ஃபீல்டிலிருந்து டாலர் வரும் ஊர் அது, கார்க்கியைப் படித்த ஊர் அது. அந்த வாக்கியத்தை எழுதும்போது ஃபார்ஸ்டரும் கொஞ்சம் மாடியில்தான் உட்கார்ந்திருந்தார்.

தாம்சன் பின்னால் மார்க்சிய அறிஞராக, பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியராக ஆனார். ‘மார்க்சியமும் கவிதையும்’ பற்றி 1940களில் அவர் எழுதிய சிறுநூலில் தீவில் நடந்த ஒரு சம்பவம் வருகிறது. ஒரு சாயங்காலம் ஊர்க் கிணற்றடிக்குப் போகிறார். ஒரு வயதான பெண்மணி வாளிகளில் தண்ணீர் நிரப்பிவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். புருஷன் இல்லை. ஏழு பிள்ளைகள், எல்லாரும் ஸ்ப்ரிங்ஃபீல்டில். நீயும் வந்துவிடம்மா, கடைசிக் காலத்தில் சௌகரியமாக இரு என்று ஒருவன் கடிதம் எழுதியிருக்கிறான். அதைச் சொல்ல ஆரம்பித்த கிழவி தன் பாட்டைச் சொல்கிறார், கோழிகள் போனதைச் சொல்கிறார், பார்க்காத அமெரிக்காவைச் சொல்கிறார், இந்த மண்ணில்தான் என் எலும்பு கிடக்க வேண்டும் என்கிறார். சொல்லச் சொல்லப் பேச்சில் தாளம் ஏறுகிறது, உடம்பு தொட்டில் மாதிரி ஆடுகிறது. சட்டென்று வாளிகளைத் தூக்கிக்கொண்டு, சிரித்து, போய்வருகிறேன் என்று நடந்துவிடுகிறார். எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண்மணியிடம் தான் கேட்டது கவிதைதான் என்கிறார் தாம்சன். ஹோமரைப் பற்றி அவர் பிறகு எழுதியதெல்லாம் அந்தத் தீவில் கேட்ட காதோடு எழுதியதுதான். பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவில் சுவர் இல்லாத ஒரு சமூகத்தை அவர் நேரில் பார்த்திருந்தார். நம்ம ஊரில் ஒப்பாரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் கிணற்றடி அந்நியமாகத் தெரியாது.

1960களில், அதே பர்மிங்காமில், அதே தாம்சனிடம் முனைவர் பட்ட ஆய்வுக்கு வந்து சேர்ந்தார் இலங்கையைச் சேர்ந்த ஒரு தமிழர். க. கைலாசபதி. தினகரன் பத்திரிகையின் ஆசிரியராக இருந்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர், பின்னால் யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவர். அவருடைய ஆய்வு 1968இல் ஆக்ஸ்ஃபோர்டில் ‘தமிழ் வீரயுகக் கவிதை’ என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூலாக வந்தது. சங்கப் பாடல்களைப் பாணர்களின் வாய்மொழி மரபில் வைத்துப் படித்த நூல். கிரேக்கம், வெல்ஷ், ஐரிஷ் வீரப் பாடல்களோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட நூல். அதன் முடிவுகளை ஏற்காதவர்கள் உண்டு. சங்கக் கவிதையின் செறிவு வாய்மொழிக்கு உரியதுதானா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. எனக்கும் அதில் சந்தேகங்கள் இருக்கின்றன. ஆனாலும் புறநானூற்றைப் படிக்கும்போது பாணனின் குரலைக் கேட்க முயலும் நம்முடைய ஒரு பழக்கத்தின் பின்னால், அட்லாண்டிக் ஓரத்தில் வாளியோடு நின்ற ஒரு கிழவிக்கும் கொஞ்சம் பங்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். இதற்கு ஆதாரம் கேட்டால், குரு–சிஷ்யர் உறவைத் தவிர வேறு எதையும் என்னால் காட்ட முடியாது.

கைலாசபதி பர்மிங்காம் போனபோது தீவில் யாரும் இல்லை.

மொழிக்காக உலகம் தேடி வந்த தீவு, பேசுகிறவர்களைத் தக்கவைத்துக்கொள்ளவில்லை. இளைஞர்கள் ஸ்ப்ரிங்ஃபீல்டுக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். 1937இல் தோமாஸ் இறந்தார். 1941இல் பிள்ளைகள் இல்லாமல் பள்ளிக்கூடம் மூடப்பட்டது. 1942இல் பெக் எதிர்க்கரைக்குக் குடிபோனார். 1946இன் கடைசியில் ஓர் இளைஞனுக்கு மூளைக்காய்ச்சல் கண்டது. புயல். மருத்துவரும் வர முடியவில்லை, பாதிரியாரும் வர முடியவில்லை. ஜனவரியில் செத்துப்போனான். சவப்பெட்டிக்கும் கடலைத் தாண்ட வேண்டும். அந்த ஏப்ரலில் தீவு பிரதமர் டி வலேராவுக்குத் தந்தி கொடுத்தது: புயலில் மாட்டியிருக்கிறோம், சாப்பிட ஒன்றும் இல்லை, உணவு அனுப்புங்கள். ஐரிஷ் மொழிதான் தேசத்தின் உயிர் என்று பேசி ஆட்சிக்கு வந்த அரசு அது. டி வலேரா தீவுக்கு நேரில் வந்து பார்த்தார். இன்னும் ஆறு வருஷம் ஆனது. 1953 நவம்பர் 17இல் மிச்சம் இருந்த 22 பேரை எதிர்க்கரைக்கு மாற்ற ஆரம்பித்தார்கள்.

விருந்தாளிகள் வந்ததால்தான் தீவு அழிந்தது என்று சொன்னால் அபத்தம். வராமல் இருந்திருந்தால் நமக்கு அந்தப் புத்தகங்கள் இல்லை, தீவும் இதே மாதிரிதான் காலியாகியிருக்கும். என்னை உறுத்துவது வேறு. பிளாஸ்கெட்டின் சொற்கள் டப்ளினுக்கும் லண்டனுக்கும் ஆஸ்லோவுக்கும் போய்ச் சேர்ந்தன. நல்ல படகுத்துறை ஒன்று வேண்டும் என்ற பேச்சு மட்டும் போய்ச் சேரவே இல்லை.

அது போய்ச் சேர்ந்த ஒரு தீவும் உண்டு. கனடாவில், நியூஃபவுண்ட்லாந்துக்கு வடகிழக்கே ஃபோகோ. 1960களில் சின்னத் தீவுகளில் இருப்பவர்களைப் பெரிய ஊர்களுக்கு மாற்றும் திட்டத்தை அரசு நடத்திக்கொண்டிருந்தது. ஃபோகோவுக்கும் அந்தப் பயம் இருந்தது. 1967இல் தேசியத் திரைப்பட வாரியத்தின் இயக்குநர் காலின் லோ அங்கே போய்த் தங்கிக் குறும்படங்கள் எடுத்தார். எடுத்ததை முதலில் தீவுக்காரர்களுக்கே போட்டுக்காட்டினார். மதத்தால் பிரிந்து ஒட்டாமல் கிடந்த கிராமங்கள் பக்கத்து ஊர்க்காரனும் அதே கவலையைப் பேசுவதைத் திரையில் பார்த்தன. பிறகு படங்கள் அமைச்சர்கள் கண்ணில் பட்டன. அவர்கள் சொன்ன பதிலும் படமாகித் தீவுக்கு வந்தது. மீனவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள், படகு கட்டினார்கள், இருந்த இடத்திலேயே இருந்தார்கள். படம் மட்டுமே காரணம் என்றால் மிகை. சங்கத்துக்கான பேச்சு ஏற்கெனவே ஊரில் இருந்தது. 1992இல் காட் மீன் பிடிப்பதை அரசு தடை செய்தபோது மறுபடி அடி விழுந்தது. இன்றைக்கு அங்கே கலைஞர்கள் தங்கி வேலை செய்யப் பாறை மேல் கட்டிய நான்கு ஸ்டூடியோக்கள் இருக்கின்றன. அந்த ஊரில் பிறந்து, வெளியே போய்ச் சம்பாதித்து, திரும்பிவந்த சீட்டா காப் என்ற பெண்ணும் அவருடைய சகோதரர்களும் தொடங்கிய அறக்கட்டளையின் வேலை. 29 அறைகள் கொண்ட ஒரு விலை உயர்ந்த விடுதியும் அவர்களுடையதுதான். அதில் மிஞ்சும் பணம் ஊருக்கே போகிறது. அந்த விடுதியில் ஓர் இரவுகூடத் தங்க நம்மால் முடியாது என்பது வேறு விஷயம். ஆனால் அங்கே கலைஞன் வந்து போவது ஊர் ஊராக இருப்பதற்கான கணக்கில் ஒரு வரி. பிளாஸ்கெட்டுக்கு அப்படி ஒரு கணக்கை யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

மாரிஸின் இரண்டாவது புத்தகத்தைப் பதிப்பிக்க யாரும் முன்வரவில்லை. இடையில் போலீஸ் வேலையை விட்டுவிட்டு எழுத்தை நம்பி வாழப் பார்த்தார், முடியவில்லை. 1950இல் கால்வே பக்கம் கடலில் குளிக்கப் போனவர் மூழ்கிப்போனார். ராபின் ஃப்ளவர் 1946இல் இறந்தபோது அவருடைய சாம்பலைப் பிளாஸ்கெட்டுக்குக் கொண்டுவந்து தூவினார்கள். அப்போது தீவில் அதைப் பார்க்க ஆள்கள் இருந்தார்கள்.

தோமாஸின் வீட்டைச் சமீபத்தில் திரும்ப எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். அவரே கல் அடுக்கிக் கட்டிய வீடு அது. கோடையில் படகில் வருகிறவர்கள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரலாம், வெளியே காப்பி கிடைக்கும். அந்த இரண்டு பேர் வேலை வருஷா வருஷம் விளம்பரத்தில் வருகிறது. அக்டோபரில் கடையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு அவர்களும் எதிர்க்கரைக்குத் திரும்பிவிடுகிறார்கள்.